துறை லேப்பை விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மாற்றுவது எப்படி?

சென்னையில் ஒரு பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையின் லேப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 60 கணினிகள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்றபோது, எங்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது, அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கிடையாது. நன்றாக ஓடுகிற பெட்டிகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அவற்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, வெறும் திரையாக வைத்துக்கொண்டு, விண்டோஸை சர்வரில் ஓட்டுகிறோம். இதே வேலையில் இறங்குபவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விர்ச்சுவல் மெஷின் உருவாக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கால அட்டவணையை எடுங்கள்

சர்வர் விலையைக் கேட்கும் முன் இதைச் செய்யுங்கள். துறையில் எத்தனை மாணவர்கள் என்பது கணக்கல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதுதான் கணக்கு. எங்களுக்கு 60. இரண்டு சர்வர், ஆளுக்கு 30 டெஸ்க்டாப். ஒன்றுக்கு 8 ஜிபி வீதம் 240 ஜிபி. ஃபைல் சர்வர் போன்றவற்றுக்கும் சேர்த்து 384 ஜிபி ராம் போட்டோம். சிபியூ கோர்களைப் பகிரலாம், ராமைப் பகிர்ந்தால் வகுப்பே நின்றுவிடும். ஃபைல் சர்வர் இல்லாத சர்வர் படுத்தாலும் பாதி லேப் ஓடும்.

ஆட்டோகேட், ஆன்சிஸ் போன்றவை உங்கள் துறையில் இருந்தால் முதல் கட்டத்தில் அவற்றைத் தொடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டைப் பங்கிடுவது தனி வேலை, தனி உரிமம்.

படி 2: உரிமம்

கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் சர்வரில் ஓடும் விண்டோஸுக்குச் செல்லாது. விடிஏ (விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை அணுகும்) உரிமை வேண்டும்; சில மைக்ரோசாஃப்ட் 365 சந்தாக்களில் அது சேர்ந்தே வரும். எஸ்பிஎஸ்எஸ் மாதிரி மென்பொருள்களை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டலாமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 3: கருவி

சர்வரில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட என் தேர்வு ப்ராக்ஸ்மாக்ஸ். 2023 நவம்பரில் இதே வேலைக்கான மென்பொருள் விற்கும் விஎம்வேரை பிராட்காம் வாங்கியபின் நிரந்தர உரிமம் விற்பது நின்றது. விஎம்வேரின் விர்ச்சுவல் டெஸ்க்டாப் மென்பொருளான ஹொரைசன் 2024-இல் ஆம்னிஸா என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. ஒரு துறை ஆண்டுதோறும் சந்தாவுக்குக் கோப்பு நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. 17-ஆம் இருக்கைக்கு 17-ஆம் டெஸ்க்டாப் என்று வைத்தால் யாருக்கு எந்த டெஸ்க்டாப் என்று பிரித்துக்கொடுக்கும் புரோக்கர் மென்பொருளே தேவையில்லை. சர்வரிலுள்ள டெஸ்க்டாப்புக்குள் நுழைய, இருக்கையில் ரெம்மினா, வீட்டிலிருந்து பிரவுசர் வழியாக வருபவர்களுக்கு குவாக்கமோலி.

படி 4: கோல்டன் இமேஜ்

எல்லா டெஸ்க்டாப்களுக்கும் நகலெடுக்கும் மூல இமேஜ் இது. இதைத் தயாரிக்கும்போது இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டோர் ஆப்கள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டு, கடைசியில் சிஸ்ப்ரெப் (இமேஜை நகலெடுக்கத் தயாராக்கும் விண்டோஸ் கருவி) பிழை காட்டி நிற்கும். எங்கள் டெஸ்க்டாப்கள் ஒவ்வோர் இரவும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது சேமித்துவைத்த நிலைக்கு, திரும்பும். அப்படி வைத்தால் டொமைனில் (எல்லாக் கணினிகளையும் லாகின்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பில்) கணினிக் கணக்கின் கடவுச்சொல் 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறுவதையும் இமேஜிலேயே நிறுத்திவிட வேண்டும். மறந்தால் ஒரு மாதம் கழித்து யாராலும் உள்ளே நுழைய முடியாது.

படி 5: மாணவரின் கோப்பு எங்கே இருக்கும்?

இந்தப் படியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். டெஸ்க்டாப் இரவோடு இரவாகத் துடைக்கப்படும் என்பதால், ஒவ்வொரு மாணவரின் ப்ரொஃபைலையும் (அவருடைய கோப்புகள், அமைப்புகள்) எஃப்எஸ்லாஜிக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவி வழியாக ஃபைல் சர்வரில் ஒரு விஹெச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் டிஸ்க்) கோப்பாக வைத்தோம். லாகின் செய்ததும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் அழகாக ஓடியது.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்த ஒரு நாள், யூபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழுந்தன. டெஸ்க்டாப்கள் முந்திக்கொண்டன, ஃபைல் சர்வர் இன்னும் தயாராகவில்லை. எஃப்எஸ்லாஜிக்ஸ் ஒட்ட முடியாதபோது விண்டோஸ் சத்தமில்லாமல் ஒரு காலி ப்ரொஃபைலைக் கொடுத்துவிடுகிறது. மாணவர்கள் இரண்டு மணி நேரம் வேலை செய்து, டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை எம்எஸ்சி மாணவி ஒருத்தி ரெகார்டு நோட்டோடு வாசலில் நின்றாள். "சார், நேத்து போட்ட ரிக்ரெஷன் அவுட்புட் எதுவுமே இல்லை சார்." நோட்டில் மூன்றாவது அட்டவணை வரை பேனாவில் எழுதியிருந்தாள். நான்காவதற்குக் கட்டம் போட்டு, உள்ளே காலியாக விட்டிருந்தாள். அந்தக் கட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது மூன்று. எஃப்எஸ்லாஜிக்ஸ் அமைப்பில் "பிரிவென்ட் லாகின் வித் ஃபெயிலியர்", "பிரிவென்ட் லாகின் வித் டெம்ப் ப்ரொஃபைல்" இரண்டையும் 1 ஆக்குங்கள். கோப்பு ஒட்டாவிட்டால் உள்ளேயே விடாது. ப்ராக்ஸ்மாக்ஸில் டொமைன் கன்ட்ரோலருக்கும் ஃபைல் சர்வருக்கும் ஸ்டார்ட் ஆர்டர் 1, தாமதம் 180 விநாடி, டெஸ்க்டாப்களுக்கு 2. ஆனால் இந்த வரிசை அந்தந்த சர்வருக்குள் மட்டும்தான் செல்லும். ஃபைல் சர்வர் இல்லாத மற்ற சர்வரில், நோடு (அந்த சர்வரின்) அமைப்பிலுள்ள தொடக்கத் தாமதத்தை 300 விநாடி என்று வையுங்கள். இது எங்களுக்குப் பிடிபட ஒரு முழு நாள் ஆனது. பிறகு ஃபைல் சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு லாகின் செய்து பாருங்கள். மறுக்க வேண்டும். மறுத்தால்தான் சரி.

படி 6: இடமும் காலமும்

சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்தபின் சென்னையில் இதற்கு விளக்கம் வேண்டாம். யூபிஎஸ் இணைப்பு சர்வருக்கு மட்டுமின்றி நெட்வொர்க் சுவிட்சுக்கும் வேண்டும். மாற்றத்தை மே விடுமுறையில் செய்யுங்கள். செய்முறைத் தேர்வு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே இமேஜைப் பூட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தமிழ்த்துறைப் பேராசிரியர், தங்கள் டெஸ்க்டாப்பில் தமிழ்99 வைத்தும் ஒவ்வொரு லாகினிலும் ஆங்கில விசைப்பலகையே வருகிறது என்று எழுதியிருந்தார். சர்வரிலுள்ள டெஸ்க்டாப்பை இருக்கைக்குக் கொண்டுவரும் இணைப்பு முறையான ஆர்டிபி, இருக்கையிலுள்ள கணினியின் விசைப்பலகை அமைப்பை உள்ளே கொண்டுபோகிறது. கோல்டன் இமேஜின் ரெஜிஸ்ட்ரியில் "கீபோர்டு லேஅவுட்" பகுதியில் "இக்னோர் ரிமோட் கீபோர்டு லேஅவுட்" என்று ஒரு டிவேர்டு (எண் மதிப்பு) சேர்த்து 1 கொடுங்கள். அவர் துறையில் இப்போது தமிழ்99 நிற்கிறது.