உத்தரத்தில் ஏறாத ஸ்டெயின்: என் அனுபவம்

ஹால் சீலிங்குக்கு மூன்று பைன் பலகைகளை ‘ப’ வடிவில் ஒட்டி, உள்ளே கூடாக ஒரு போலி உத்தரம் செய்தேன். வால்நட் நிற ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறி நிறமேற்றும் திரவம்) அடித்ததும் மூலை ஓரமெல்லாம் வெளிறிய திட்டுகள். இரண்டாவது கோட்டில் மற்ற இடம் கறுத்ததே தவிர திட்டு அப்படியே. டப்பாவை மாற்றியும் வீண், நாலு நாள் போச்சு.

அப்புறம்தான் கவனித்தேன், திட்டுகள் எல்லாம் துணியால் இழுத்த தடம் மாதிரியே இருந்தன. ஒட்டும்போது பிதுங்கிய வெள்ளைப் பசையை ஈரத்துணியால் துடைத்திருந்தேன். அது மரத்துளைகளில் இறங்கி அடைத்துக்கொண்டது. 80 நம்பர் உப்புத்தாளில் வெறும் மரம் தெரியும்வரை தேய்த்து, 120இல் முடித்து, டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். பசை மிச்சமிருந்தால் அந்த ஈரத்தில் வெளிறிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு இடத்தில் காட்டியது. அதையும் தேய்த்து, காயவிட்டு அடித்தேன், ஒரே நிறம். அடுத்த உத்தரத்துக்கு ஒட்டும் முன்பே ஓரத்தில் மாஸ்கிங் டேப்.