பழைய சீரியல் கில்லர் தொடர்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். 1990களில் வந்த இந்தத் தொடர்கள் பழைய டிவிகளின் சதுரம் போன்ற 4:3 திரைக்காக எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரையான 16:9-க்கு இழுத்தால் முகங்கள் அகன்றுவிடும். ஜூம் போட்டால் நெற்றியும் முகவாயும் வெட்டுப்படும். விசாரணை அறைக் காட்சிகளில் முகம்தான் எல்லாமே. அதனால் பிக்சர் சைஸை 4:3-இல் வைத்துவிடுங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். அசைவுகளைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியையும் அணைத்துவிடுங்கள். டிவிடியைக் கம்ப்யூட்டரில் போடும்போது, ஆள் நகரும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் பிளேயரில் டீஇன்டர்லேஸ் (deinterlace) என்ற அமைப்பை இயக்குங்கள்; போய்விடும்.

தொடக்கம் 'பிரைம் சஸ்பெக்ட்' (1991). இரண்டே பாகம். பிரிட்டனின் ஐடிவி அடுத்தடுத்த இரு இரவுகளில் ஒளிபரப்பியது; நீங்களும் அப்படியே பாருங்கள். வார இடைவெளி விட்டால் சாட்சியங்களின் கோவை மறந்துவிடும். கொலைகாரன் யார் என்பதைவிட, அவன்தான் என்று நிரூபிப்பது எப்படி என்பதே இங்கே கதை. தொடக்கத்தில் போனைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். இறந்த பெண் யார் என்பதையே முந்தைய அதிகாரியின் குழு தவறாகப் பதிந்திருக்கிறது. வழக்கைப் புதிதாக ஏற்ற அதிகாரி ஜேன் டென்னிசன் (ஹெலன் மிர்ரன்) அதைக் கண்டுபிடிக்கும் இடம் ஆர்ப்பாட்டமில்லாமல் வந்துபோகும். அதைத் தவறவிட்டால், குழு அவர்மீது காட்டும் பகை வெறும் ஆண் திமிராக மட்டுமே தெரியும். தங்கள் பிழை வெளிப்பட்ட எரிச்சலும் அதில் கலந்திருப்பது புரியாது.

அடுத்து 'கிராக்கர்' (1993). இதை எபிசோட் கணக்கில் பார்க்கக் கூடாது, கதைக் கணக்கில் பார்க்க வேண்டும்: ஒரு கதை இரண்டு அல்லது மூன்று பாகம். நடுவில் நிறுத்தினால் ராபி கோல்ட்ரேன் நடித்த உளவியலாளர் ஃபிட்ஸ் கொலைகாரனை வளைக்கும் பேச்சின் அழுத்தம் போய்விடும். குற்றவாளியை முன்னதாகவே நமக்குக் காட்டிவிடும் கதைகள் உண்டு. சஸ்பென்ஸ் இல்லையே என்று தாண்டிவிடாதீர்கள். இரண்டாம் சீசனின் முதல் கதையைக் கட்டாயம் பாருங்கள். அதில் நடப்பதுதான் அந்த சீசன் முழுவதையும் இழுத்துச் செல்கிறது. மான்செஸ்டர் பேச்சு வேகமானது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அமெரிக்கத் தொடரான 'மில்லேனியம்' (1996). மொத்தம் 67 எபிசோட், மூன்று சீசன். தொடர் கொலைகளுக்காக வருபவர்களுக்கு முதல் சீசனே போதும். இரண்டாவதில் தயாரிப்புப் பொறுப்பு கைமாறியதும் கதை உலக முடிவு, ரகசியக் குழு என்று திரும்பிவிடுகிறது. மூன்றாவது வரை போனவர்கள் 1999-இல் வந்த 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் ஏழாம் சீசனில் உள்ள 'மில்லேனியம்' எபிசோடையும் பார்த்துவிடுங்கள். 'மில்லேனியம்' தொடரின் நாயகன் ஃபிராங்க் பிளாக் அதில் மீண்டும் வருகிறார்.