இறுகிப்போன நிப்பிளும் பின்மூடியும்: நாட்டுத் துப்பாக்கியில் கழற்றி மாட்டும் முறை

பேரையூர், சாப்டூர் அடிவாரத்திலும் நத்தம் பக்கமும் பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கிய எஸ்.பி.எம்.எல். (வாய் வழியாக மருந்து போடும் ஒற்றைக்குழல்) துப்பாக்கிகள், தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பும்போது பல நேரம் நிப்பிள், அதாவது குழலின் பின்பக்கம் கேப்பைப் பொருத்தும் துளையுள்ள சிறு முளை, இறுகிப்போய் வரும். கழுவாமல் கொடுத்ததுதான் காரணம். கருமருந்துக் கசடில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து மரையைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும்.

முதலில் குழல் காலியா என்று பாருங்கள். ஞாபகத்தை நம்பவே கூடாது. கேப்பை (நிப்பிள் மேல் வைக்கும் சிறு வெடிமூடியை) எடுத்துவிட்டு, மருந்தை இடிக்கும் இடிகம்பியைக் குழலின் அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் குறியிடுங்கள். அதே கம்பியைக் குழலின் வெளியே வைத்தால் நுனி நிப்பிள் பக்கம் வந்து நிற்க வேண்டும். சில விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மருந்து செத்த பிறகு உரிமமுள்ள பட்டறையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

காலி என்று உறுதியானதும் குழலை மரக்கட்டையிலிருந்து பிரித்து, பின்பகுதியைச் சோப்புக் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். துடைத்துக் காயவைத்து, நிப்பிள் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். மறுபடி வெந்நீர் ஊற்றிச் சூடு இருக்கும்போதே, நிப்பிளின் பட்டையில் சரியாக உட்காரும் சாவியைப் போட்டு இடப்பக்கம் திருப்புங்கள். கட்டிங் பிளேயர் வேண்டவே வேண்டாம். பட்டை மழுங்கினால் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். நெருப்புக் காட்டுவதும் கூடாது.

வெளியே வந்த நிப்பிளின் துளையைப் பாருங்கள். புதிதில் சுமார் 0.7 மில்லிமீட்டர் இருக்கும். 0.9-ஐ எட்டினால் மாற்ற வேண்டும்; அதற்கு மேல் போனால் வெடிப்பு, கேப்பை அடிக்கும் குதிரையைப் பின்னால் தள்ளும், கேப் சிதறிக் கண்ணில் படும். நாட்டுக் குழல்களில் மரை கையால் வெட்டியது. 6 மில்லிமீட்டர் என்று கடையில் வாங்கியது மூன்று சுற்று ஏறி நின்றால் பலவந்தப்படுத்தாதீர்கள், மரை அளவே வேறு.

குழலின் பின்முனையை அடைக்கும் மரையுள்ள பின்மூடியைக் காரணமில்லாமல் கழற்றக் கூடாது. மரையோரம் கருப்புக் கசிவோ, அடியில் பள்ளமோ தெரிந்தால் மட்டும், அதுவும் உரிமமுள்ள பட்டறையில். ஆயுதச் சட்டம், 1959-இன்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் உண்டு. ஆனால் வேலை சரியாக நடக்கிறதா என்று நீங்கள் கவனிக்கலாம். குழலும் மூடியும் சேருமிடத்தில் நுண்ணிய கோடு வெட்டியிருக்க வேண்டும். வைஸில் ஈயத் தகடு வைத்துப் பின்பக்கத்தை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஸ்பேனர் மூடியின் பட்டையில் உட்கார வேண்டும். மூடியிலிருந்து பின்னால் நீளும் வால்பட்டையைப் பிடித்துத் திருகினால் முறியும்.

மூடியை மாட்டும்போது மரையைத் துடைத்துச் செம்புக் கிரீஸ் மெல்லிசாகத் தடவ வேண்டும். மூடியின் முகம் குழலின் உள்விளிம்பில் முட்டிய நிலையில் கோடு நேராக வர வேண்டும். கோட்டைத் தாண்டினால் மரை தேய்ந்திருக்கிறது. முகம் முட்டாமல் இடைவெளி விட்டால் அங்கே கசடு சேர்ந்து அரிக்கும். இடைவெளியை அடைக்க டெஃப்லான் டேப் சுற்றுவது ஆபத்து, அழுத்தம் அதைப் பொருட்படுத்தாது.

கடைசியாக நிப்பிள் துளையைச் சின்ன மரக்குச்சியால் அடைத்து, குழலில் மண்ணெண்ணெய் நிரப்பி இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் மூடியோரம் ஈரம் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியில் மருந்து போடாதீர்கள்.