மதுரைக் கல்லூரி லேபில் 30 கணினிக்கும் ஒரே இமேஜ்

இமேஜ் என்பது ஒரு டிஸ்கின் முழு நகல். அதை எடுக்க, முதலில் ஒரே கணினியில் விண்டோஸ், கம்பைலர், பிரிண்டர் டிரைவர் எல்லாம் போட்டு முடியுங்கள். பிறகு நகலெடுக்க விண்டோஸைத் தயார்செய்யும் கருவியான சிஸ்பிரெப்பில் ‘ஜெனரலைஸ்’ டிக் செய்து ஷட்டவுன் கொடுங்கள். விட்டுவிட்டால் முப்பதும் ஒரே எஸ்ஐடியோடு (விண்டோஸ் ஒவ்வொரு கணினிக்கும் தரும் அடையாள எண்) கிளம்பும்.

பென்டிரைவில் டிஸ்கை நகலெடுக்கும் மென்பொருளான குளோன்ஜில்லாவை எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். பூட் மெனு வர டெல்லுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9 விசை. இமேஜை வெளி ஹார்டுடிஸ்கில் சேமியுங்கள். இமேஜை இறக்கும் டிஸ்க் மூல டிஸ்கைவிடச் சிறியதென்றால் சாதாரண முறையில் ஏறாது. 240 ஜிபி எஸ்எஸ்டியில் எடுத்தது 256க்குப் பொருந்தும், மறுதலை பொருந்தாது.

பெரும்பாலும் காலை வாருவது பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள்தான். யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் எடுத்த இமேஜ் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகாது. டிஸ்கை இயக்கும் முறை (ஏஹெச்சிஐ, ரெய்டு) மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். தேதி பின்னோக்கி ஓடிய பழைய பெட்டியில் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றிவிட்டே இந்த அமைப்புகளைத் தொடுங்கள்.

சித்திரை வெயிலில் கரண்ட் எப்போது போகுமோ! யுபிஎஸ் தாங்கும் வரிசைகளில் மட்டும் இறக்குங்கள். பாதியில் நின்ற டிஸ்கில் முதலிலிருந்து இறக்க வேண்டும்.