சின்னப் பூ குவில்ட்: பிறகு தெரியவரும் தவறுகள்

வெண்ணாற்று வாய்க்கால் ஒன்று எங்கள் கொல்லைக்குப் பின்னால் போகிறது. அதன் கரையில் நிற்கும் பூவரச மரத்தைப் பார்த்துத்தான் என் முதல் பூ குவில்டைத் தைத்தேன். சுவரில் மாட்டும் அடுக்குத்துணி, 12 அங்குலச் சதுரம். ஒரு பூ, இரண்டு இலை, ஒரு மொட்டு. மூன்று வாரம் உட்கார்ந்து தைத்து முடித்தபின், பூவை வரைந்த பேனாத் தடம் போகட்டும் என்று தண்ணீரில் முக்கினேன். பூவின் நடுவில் வைத்திருந்த அரக்குத் துணி சாயம் விட்டது. சந்தன நிறப் பின்னணி முழுக்க ரோஸ் பரவிவிட்டது. வாங்கும்போது 'சாயம் போகாதும்மா' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் நான் நனைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

குவில்டில் இதுதான் சங்கடம். தவறு நடக்கிற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, நாலு படி தாண்டித்தான் தலைகாட்டும். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து நூலோட்டம் போட்டபிறகு எதையும் பிரித்துச் சரிசெய்ய மனசு வராது.

அதனால் நனைப்பதுதான் முதல் வேலை. கடைத்துணியில் கஞ்சி இருக்கும், பருத்தி முதல் அலசலில் சுருங்கும், ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். தனித்தனியாக நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபிறகே கத்தரியை எடுங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம் என்றால் ஈரத்தோடு பழைய வெள்ளை வேட்டித் துண்டில் வைத்து அழுத்திப் பாருங்கள். எம்பிராய்டரி நூலிலும் ஓர் இழையை அப்படியே நனைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது, பூவைப் பார்க்காமலே பூ வரைவது. எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். அச்சடித்த டிசைனில் ஐந்து இதழ் இருக்கும். மஞ்சள் போட்டால் பூவரசு, சிவப்பு போட்டால் செம்பருத்தி என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பூவரசம்பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இதழ்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. புடவைக் கொசுவம் மாதிரி ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி, எல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்றிருக்கும். உள்ளே அடியில் அரக்குப் பொட்டு. காலையில் வெளிர்மஞ்சளாக இருப்பது பொழுது சாயச் சாயச் சிவந்துபோகும். எந்த நேரத்துப் பூவைத் தைக்கப்போகிறோம் என்று முடிவுசெய்துவிட்டால் நூல் நிறத்தைத் தேட வேண்டியதே இல்லை.

திருவாரூர்த் தேரில் தொங்கும் வண்ணத் துணி உருளைகளான தொம்பைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு: பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், வெள்ளையை அடுத்தடுத்து வைப்பது. தொம்பை வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கானது. அந்த அழகு அங்கே பொருந்தும். ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்க்கும் 12 அங்குலத் துணியில் அதே நிறங்கள் மோதிக்கொள்ளும், நுணுக்கமான தையல் அமுங்கிவிடும்.

இதழையும் இலையையும் வெட்டி ஒட்டுவேலையாகத் தைக்கும்போது மடிப்புக்குக் கால் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்; உள்ளே துணி குவிந்து முண்டு தட்டும். பூவரச இலை நெஞ்சு வடிவம். காம்பு சேரும் பள்ளத்தில் தையல்கோட்டுக்கு இரண்டு இழை தள்ளி வரைக்கும் வெட்டிவிட்டால்தான் மடங்கும். வெட்டப் பயந்தால் பள்ளம் மேடாகிவிடும்.

கைத்தையலுக்கு வருவோம். மேல்துணியை முடிக்கப்போகும் அளவிலேயே வெட்டிக்கொள்வது பெரிய தவறு, ஏனென்றால் தையல் ஏற ஏறத் துணி உள்வாங்கும். 12 அங்குலம் வேண்டுமென்றால் 14 அங்குலமாக வெட்டி, எம்பிராய்டரி முடிந்தபின் சுற்றிலும் நறுக்குங்கள். கண்டிலிருந்து எடுத்த ஆறிழையையும் அப்படியே ஊசியில் கோப்பதும் கூடாது. சின்னப் பூவுக்கு இரண்டு இழை போதும். இலை நரம்பு மெல்லியதாக வர ஓரிழை. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் போனால், துணிக்குள் போய்வந்தே பளபளப்பு போய்ப் பஞ்சு பஞ்சாகிவிடும். இதழை நிரப்ப, நூலை நெருக்கமாக அடுக்கும் சாட்டின் ஸ்டிச்சை ஓர் அங்குலத்துக்கு இழுத்துப் போடுகிறார்கள். அவ்வளவு நீள நூல் தளர்ந்து வளையலில் மாட்டும். நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் லாங் அண்ட் ஷார்ட் தையல் போடுங்கள், ஊசி எப்போதும் இதழ் நுனியிலிருந்து பூவின் நடுவை நோக்கியே போகட்டும். திசை மாறினால் நிறம் சரியாக இருந்தாலும் இதழ் தட்டையாகத்தான் தெரியும்.

வெளிர்நிறத் துணியில் ஒரு மொட்டிலிருந்து இன்னொரு மொட்டுக்குப் பின்பக்கமாக நூலைத் தாண்டவிட்டால், முன்பக்கம் நிழல் மாதிரி கோடு விழும். அங்கங்கே முடித்து நறுக்கிவிடுங்கள். தையல் வளையத்தை ராத்திரியில் கழற்றி வைக்காவிட்டால் வட்டத் தடம் பதியும். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், அலசி முடிக்கும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக்கூடாது. சூடு பட்டால் அந்தக் கோடு நின்றுவிடும். அலசிக் காய்ந்தபிறகு பூவைக் குப்புறத் துண்டின் மேல் போட்டுத் தேய்த்தால் முடிச்சுகள் நசுங்காது.

நடு அடுக்குக்கு வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். தலையணைக்கு அது சரி, இங்கே ஒரு மூலையில் திரண்டுவிடும். விரிப்பாக வரும் மெல்லிய பருத்திப் பஞ்சு, இல்லாவிட்டால் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டி இரண்டு மடிப்பு. வேட்டியில் ஊசி வெண்ணெயில் போவது மாதிரி போகும், எனக்கு அதுதான் பிடிக்கும். அடித்துணி நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மூன்றையும் பிறகு பிரித்தெடுக்கும் கச்சாத் தையலால் பிடித்துவிட்டு, நூலோட்டத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் குமிழியாக நிற்கும், அதற்கு மருந்தில்லை.

ஓரப்பட்டி தைப்பதில் ஒன்றுதான்: பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் குவில்ட் கிண்ணம்போலக் குழியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தைப்பவர்கள் ஊசியைத் துணியில் குத்தியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த ஈரக்காற்றில் துரு பிடித்துவிடும். துருக்கறை சோப்புக்குப் போகாது. குண்டூசிகளையும் எண்ணி வைத்து, எண்ணி எடுங்கள். முடித்த குவில்டை வெயில் விழாத உள்சுவரில் மாட்டுங்கள். மழைக்காலம் முழுக்க எடுத்துவைப்பதானால் மடிக்காமல், பூ வெளிப்பக்கமாக இருக்க, வெள்ளைத் துணியோடு சுருட்டி வைத்து, வெயில் கண்ட நாளில் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாடப் போடுங்கள்.