காப்பர் கேன்யன் ரயில்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மெக்சிகோவின் சேப்பே ரயிலில் போகப்போகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்தப் பக்க ஜன்னல் நல்லது?” என்றுதான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஓடுகிற ரயிலிலிருந்து காப்பர் கேன்யனின் பெரிய பள்ளங்கள் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை.

சினலோவா மாநிலத்தில் கடலோரச் சமவெளியிலுள்ள லோஸ் மோச்சிஸிலிருந்து சிவாவா நகரம் வரை ஏறக்குறைய 650 கிலோமீட்டர் பாதை அது. (ஆமாம், குட்டி நாய்க்குப் பெயராகிப் போன அதே சிவாவா.) ‘சிவாவா - பசிபிக்’ என்பதன் முதலெழுத்துகளை ஸ்பானிய மொழியில் சே, பே என்று படிப்பார்கள், சேப்பே என்ற செல்லப்பெயர் அப்படி வந்தது. ரயில் செப்தென்த்ரியோன் என்ற குறுகலான மலையிடுக்கு வழியாக ஏறுகிறது. பாறைச்சுவர், ஆறு, பாலம், சுரங்கம் எல்லாம் ஜன்னலை ஒட்டியே வரும், அழகில் குறையே இல்லை. ஆனால் ஆறு பெரிய பள்ளத்தாக்குகள் சேர்ந்த அந்தப் பிரம்மாண்டம் பைன் காட்டுக்கு அப்பால் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்க வாய்க்கிற நிலையம் திவிசதேரோ ஒன்றுதான். ரயில் அங்கே கால் மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

முதல் தடவை நானும் ஒரே மூச்சில் போனேன். திவிசதேரோவில் பாதி நேரம் கோர்தித்தா வாங்கும் வரிசையில் போயிற்று. தகர டிரம்மை அடுப்பாக்கி அதன்மேல் சுடுகிற சோளமாவுத் தடியப்பம் அது. மீதி நேரத்தில் விளிம்புக்கு ஓடி நான்கு படம் எடுத்ததும் ஊதிவிட்டார்கள். 1,800 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள உரிக்கே பள்ளத்தாக்கை ஒரு தடுப்புக் கம்பியில் சாய்ந்து ஏழு நிமிடம் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

ஆகவே இந்தப் பயணத்தில் எங்கே ஏறுகிறோம் என்பதைவிட எங்கே இறங்குகிறோம் என்பதுதான் கணக்கு. குறைந்தது இரண்டு இடத்தில் இறங்கித் தங்க வேண்டும். ஒன்று திவிசதேரோ அல்லது அதற்குப் பக்கத்திலிருக்கும் பொசாதா பர்ராங்காஸ். விளிம்பை ஒட்டியே விடுதிகள் இருக்கின்றன. மாலை வெயிலில் பாறை நிறம் மாறுவதை அங்கே இருந்து பார்த்தால் ‘காப்பர்’ என்ற பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சாகசப் பூங்காவில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ரோப் கார் இருக்கிறது, துணிச்சல்காரர்களுக்கு இரண்டரை கிலோமீட்டர் ஜிப்லைனும் உண்டு. இன்னொன்று பாவிச்சீவோ நிலையத்தில் இறங்கிப் போகிற செரோகாவி. 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தொடங்கிய மிஷன் கிராமம். அங்கிருந்து வண்டி பிடித்தால் செர்ரோ தெல் கயேகோ என்ற காட்சிமுனை. கீழே உரிக்கே ஊர் தீப்பெட்டி கொட்டிவைத்தது போலத் தெரியும். இறங்கும் இடங்களையும் நாட்களையும் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடுத்த ரயிலில் இடம் இருக்காது.

அப்புறம், எந்தத் திசையில் போவது? கடலிலிருந்து மலைக்கு, அதாவது லோஸ் மோச்சிஸ் பக்கமிருந்து. காலையில் கிளம்பினால் தெமோரிஸ் பகுதி நல்ல வெளிச்சத்தில் வந்துவிடும். எதிர்த்திசையில் வந்தால், குளிர்காலத்தில் சரியாக அங்கே இருட்டிவிட வாய்ப்புண்டு. தெமோரிஸைத் தவறவிடவே கூடாது. ஏற்றம் தாங்காமல் ரயில் பாதையை மலைச்சரிவில் மூன்று அடுக்காக மடித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு திருப்பம் முழுக்கச் சுரங்கத்துக்குள்ளேயே நடக்கும். உள்ளே போகும்போது இடப்பக்கம் இருந்த மலை வெளியே வரும்போது வலப்பக்கம் நிற்கும். மொத்தப் பாதையில் 86 சுரங்கம், 37 பாலம். அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து பசிபிக்குக் குறுக்குவழி போடலாம் என்று ஆல்பர்ட் ஓவன் என்ற அமெரிக்கர் 1870-களில் கனவு கண்டார். ரயில் முழுதாக ஓடியது 1961-ல்தான். தெமோரிஸைப் பார்த்தால் ஏன் இத்தனை காலம் ஆனது என்று புரியும். அந்த நேரத்தில் உணவுப் பெட்டியில் உட்கார்ந்து பில்லுக்குக் காத்திருக்காதீர்கள்.

லோஸ் மோச்சிஸில் இரவு தங்குவதும் எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது. சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த புது ஊர் அது. அதற்குப் பதிலாகச் சாலை வழியே எல் ஃபுவெர்த்தே போய்விடலாம். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமைத்த ஊர். சதுக்கம், வளைவுத் தூண்கள், உள்முற்றத்தில் போகன்வில்லா பூத்த பழைய மாளிகை விடுதிகள் என்று காலனிய ஊர் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். லோஸ் மோச்சிஸில் கிளம்பும் ரயில் அங்கே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடுவதால் காலைத் தூக்கமும் மிச்சம். ஒன்று, நிலையம் ஊருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டாக்சியை முதல்நாளே சொல்லிவையுங்கள்.

வழிகாட்டியோடு போகும் பேக்கேஜ் எடுப்பவர்கள் விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, எந்த இரவு எந்த ஊரில் என்பதை மட்டும் படியுங்கள். ‘பள்ளத்தாக்கும் காலனிய நகரங்களும்’ என்று போட்டிருந்தால் எல்லா ஊரும் ரயில் பாதையில் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஆலமோஸ் பக்கத்து மாநிலமான சொனோராவில் இருக்கிறது. இன்னொரு வெள்ளி ஊரான பத்தோப்பிலாஸ், திவிசதேரோவைத் தாண்டி ரயில் நிற்கும் மலையூரான கிரீலிலிருந்து மலைப்பாதையில் பல மணி நேரம் இறங்கிப் போக வேண்டிய ஆழத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் வண்டிதான். அதேபோல எந்தப் பகுதியை ரயிலில் கூட்டிப்போகிறார்கள், எதைப் பேருந்தில் என்று கேளுங்கள். கிரீலுக்கும் சிவாவாவுக்கும் நடுவே பேருந்து என்றால் சண்டை போட வேண்டாம். அங்கே மேட்டுச் சமவெளியும் ஆப்பிள் தோட்டங்களும் 1920-களில் குடியேறிய மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் பண்ணைகளும்தான். அவர்களுடைய பாலாடைக்கட்டியைச் சாலையோரத்திலேயே வாங்கலாம். எல் ஃபுவெர்த்தேக்கும் கிரீலுக்கும் நடுவில் ரயிலை வெட்டினால் அந்த பேக்கேஜே வேண்டாம்.

கடிகார விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். 2022-ல் மெக்சிகோ நேர மாற்றங்களைச் சீரமைத்தபோது சிவாவா மாநிலத்தின் பெரும்பகுதி சினலோவாவைவிட ஒரு மணி நேரம் முந்திவிட்டது. விடுதியில் சொல்லும் ஏழு மணியும் டிக்கெட்டில் இருக்கும் ஏழு மணியும் ஒன்றுதானா என்று வாய்விட்டுக் கேட்பதில் வெட்கமில்லை.

துணி விஷயம் சுருக்கமாக: எல் ஃபுவெர்த்தே நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, கிரீல் 2,300 மீட்டருக்கு மேல். ஜனவரியில் கீழே அரைக்கைச் சட்டை, மேலே விடியற்காலை உறைபனி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பீன்ஸ்தானே என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். வடக்கு மெக்சிகோவில் பீன்ஸ் மசியலிலும் கோதுமை தொர்த்தியாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். ‘சின் மந்தேகா’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சீஸும் மிளகாய்க் கீற்றும் வைத்த சோளக் கோர்தித்தா ஓரளவு பாதுகாப்பான துணை.

மலையின் சொந்தக்காரர்கள் ராராமுரி மக்கள். தராஹுமாரா என்று வெளியார் வைத்த பெயரில் அதிகம் தெரியும், நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர்போனவர்கள். பைன் ஊசியிலையிலும் சோத்தோல் என்ற செடியின் நாரிலும் கூடை முடைந்து நிலையத்தருகே விற்பார்கள். கேட்காமல் கேமராவைத் தூக்குவது அங்கே பெரிய அவமரியாதை. அரைநாள் வேலை தெரிகிற கூடைக்கு அடித்துப் பேரம் பேசுவதும் நன்றாயில்லை. சில்லறை நோட்டாகப் பெசோ வைத்துக்கொள்ளுங்கள். கிரீலை விட்டால் மலையில் ஏடிஎம் கிடைப்பது அரிது.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள்: ஒன்றுமே இல்லை என்பவர்கள், போகவே கூடாது என்பவர்கள். மலைக்குள் போதைக் கும்பல்கள் இருப்பது உண்மை. 2022 ஜூனில் செரோகாவி தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் ரயிலிலும் விடுதி வண்டியிலும் போய்வந்துகொண்டும் இருக்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் பயண எச்சரிக்கைகளைப் படியுங்கள். வாடகைக் கார் எடுத்து இரவில் மலைச்சாலையில் ஓட்டாதீர்கள். பக்கப் பாதையில் இறங்குமுன் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள்.

மாதம் எது என்றால் என் ஓட்டு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். மழை முடிந்து பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும், அருவிகளில் தண்ணீரும் இருக்கும். மே மாதத்தில் போய்விட்டு “எல்லாம் காய்ந்து கிடக்கிறது” என்று வந்து சொல்கிறவர்கள் உண்டு. ஈஸ்டர் வாரத்தில் ராராமுரி கிராமங்களின் சடங்குகளைப் பார்க்கக் கூட்டம் குவியும், அறை கிடைப்பது கஷ்டம். ‘ரெஹியோனால்’ என்ற சாதாரண ரயில் தினமும் ஓடுவதில்லை, வாரத்தில் சில நாள்தான். முதலில் ரயில் நாட்களைப் பிடியுங்கள், விடுதியை அதற்கேற்பப் போடுங்கள், விமான டிக்கெட்டைக் கடைசியாக எடுங்கள்.