கவுன்சிலிங் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இன்ஜினியரிங் சீட்தான். 2018இல் ஆன்லைனுக்கு மாறும்வரை ஒரு நாள் போனால் முடிவோடு திரும்பிவிடலாம். மன வேதனைக்காகப் போகிறவர்களும் இதே எதிர்பார்ப்போடு போய் உட்காருகிறார்கள்: "நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க." பதில் வராவிட்டால், "சும்மா பேச்சுதான்" என்று இரண்டாம் முறை போவதில்லை. மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கிறது. உங்களுக்காக முடிவெடுப்பது கவுன்சலரின் வேலையே இல்லை. எந்த எண்ணம் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று உங்களோடு சேர்ந்து தேடுவார். அதை மாற்றிப் பார்க்கப் பழக்குவார். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம். முதல் சந்திப்பு உங்கள் கதையைக் கேட்பதிலேயே போய்விடும்.

அடுத்தது, ஆள் மாறிப் போவது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதுவார். மாத்திரை இல்லாமல் பேச்சால் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளருக்கு (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும்; தயங்காமல் கேளுங்கள். 'கவுன்சலர்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். என்ன படித்தார், எத்தனை நாள் பயிற்சி என்று விசாரியுங்கள். தூக்கமும் பசியும் அன்றாட வேலையும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, யாரும் இல்லாதபோது குரல் கேட்டாலோ, முதலில் மனநல மருத்துவர்தான். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாமே சோர்வாகவும் பிடிப்பின்மையாகவும் வெளிப்படலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பணம்தான் தடை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

முதல் நாள் வெறுங்கையோடு போகாதீர்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று அரைப்பக்கம் எழுதி எடுத்துப்போங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். அம்மாவோ கணவரோ கூட வந்தால் முதல் பத்து நிமிடம் அவர்கள் இருக்கட்டும். பிறகு தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வீட்டிலிருந்து வீடியோவில் பேசுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பக்கத்து அறையில் மாமியார் இருக்கும்போது மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், காதில் ஹெட்செட், இப்படி ஏதாவது வழி பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மறைப்பது. குடிப்பதையும் செத்துவிடலாம் என்று தோன்றுவதையும் சொல்லாமலே மாதக்கணக்கில் வருகிறவர்கள் உண்டு. போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. சிகிச்சையில் சொன்னவை ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. விலக்குகள் சிலவே: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், நீதிமன்ற உத்தரவு போன்றவை. சாகும் எண்ணம் வலுத்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கையில் மாத்திரையோ கயிறோ இருக்கும் நிலை என்றால் உடனே பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

சிலர் அறைக்குள் நன்றாகப் பேசுவார்கள். வெளியே ஒன்றும் செய்ய மாட்டார்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்தான் கவுன்சலரோடு. அதனால்தான் நோட்டில் எழுதிவரச் சொல்கிறார்கள். "பதற்றமா இருந்துச்சு" என்று ஒரு வரி எழுதினால் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'செவ்வாய் இரவு 9 மணி. நாளைக்குப் பேசணும் என்று மேனேஜர் மெசேஜ். வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். பயம் 100க்கு 80. போனை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. மறுநாள் அவர் கேட்டது லீவு விவரம்.' இப்படிப் பத்துப் பதிவு சேர்ந்தால், மனம் எப்போதும் ஒரே முடிவுக்குத் தாவுவது உங்கள் கண்ணுக்கே தெரியும். அன்றன்றே எழுதுங்கள். அப்பாயின்ட்மென்டுக்கு முந்தின இரவு மொத்தமாக எழுதினால் 80 எல்லாம் 40 ஆகிவிடும்.

மூன்று நான்கு சந்திப்பில் பாரம் இறங்கியதும் நிறுத்திவிடுவது இன்னொன்று. கொட்டித் தீர்த்ததில் வந்த லேசு அது. பழக்கம் இன்னும் மாறியிருக்காது. எண்ணங்களையும் செயல்களையும் மாற்றும் சிகிச்சைக்குப் பொதுவாக 12 முதல் 20 சந்திப்பு வரை தேவைப்படும். மனச்சோர்வு மாத்திரையிலும் இதே அவசரம் நடக்கிறது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாளே "கேக்கலை" என்று விடுகிறவர்கள் உண்டு. நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்துகிறவர்கள் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மையோடு திரும்பி வருகிறார்கள். மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கவுன்சலரே சரியில்லாமலும் இருக்கலாம். உங்கள் நேரத்தில் தன் குடும்பக் கதை பேசுகிறாரா, தன் மதத்துக்கு இழுக்கிறாரா, வெளியில் தனியாகச் சந்திக்கக் கூப்பிடுகிறாரா, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? ஒன்று நடந்தாலும் விலகிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை, மனம் ஒட்டவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் மூன்று சந்திப்பு பொறுத்து, "இது எனக்கு உதவுற மாதிரி தெரியல" என்று அவரிடமே சொல்லுங்கள். நல்ல கவுன்சலர் கோபப்பட மாட்டார். முறையை மாற்றுவார், இல்லையென்றால் வேறு ஒருவரிடம் அனுப்புவார். போகும்போது இதுவரை நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிருக்காது.